குற்ற விசாரணையில் தாவரங்களின் சாட்சியம்

1932ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் திகதி இரவு, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், உலகப் புகழ்பெற்ற விமானி சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கின் இல்லத்திலிருந்து அவரது 20 மாதக் குழந்தை கடத்திச் செல்லப்பட்டது. 50,000 டொலர் கப்பமாகச் செலுத்தப்பட்ட பின்னரும் குழந்தை மீளவில்லை. மே மாதம் 12ஆம் திகதி வீட்டிற்கு அண்மையில் அதன் சடலமே கண்டெடுக்கப்பட்டது. கடத்தியவர் விட்டுச்சென்ற தடயங்களில் முக்கியமானது, மூன்று துண்டுகளாகக் கையால் செய்யப்பட்ட ஒரு மர ஏணி. தாவரவியல் நீதிமன்றப் படியேறியதில் அந்த ஏணிக்குப் பெரும் பங்குண்டு.

விஸ்கொன்சின் மாநிலத்தின் மடிசன் நகரிலுள்ள அரச வன உற்பத்தி ஆய்வுகூடத்தில் கடமையாற்றிய ஆதர் கோலர் என்ற மர நிபுணரிடம் ஏணி ஒப்படைக்கப்பட்டது. அவர் அதனைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். பைன் வகைகள் இரண்டு, டக்ளஸ் பேர், பேர்ச் என நான்கு வகை மரங்கள் அதில் இருந்தன. பைன் மரச் சட்டங்களில் சீவுளி இயந்திரத்தின் அலகுகள் பதித்துச் சென்ற நுண்ணிய கோடுகளை அளந்து, அகன்ற பக்கத்தைச் சீவிய உருளையில் எட்டு அலகுகளும் ஓரத்தைச் சீவியதில் ஆறு அலகுகளும் இருந்திருக்க வேண்டுமெனக் கணித்தார். பின்னர் 1,500க்கும் மேற்பட்ட மர ஆலைகளுக்குக் கடிதம் எழுதினார். தென் கரோலினாவிலுள்ள ஓர் ஆலையே அந்த மரத்தை அரிந்தது எனத் தெரியவந்ததும், அங்கிருந்து அனுப்பப்பட்ட மரங்களின் பட்டியலைப் பின்தொடர்ந்து, 1933 நவம்பரில் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியிலுள்ள ஒரு மரக்காலையை வந்தடைந்தார். ஆனால் அங்கு மரம் ரொக்கத்துக்கே விற்கப்பட்டு வந்தது. வாங்கியோரின் பெயர்ப்பதிவு எதுவும் இருக்கவில்லை. பதினெட்டு மாதகாலத் தேடல் அந்த இடத்தில் முடங்கியது.

1934 செப்டெம்பரில் கப்பப் பணத்தாள் ஒன்று புழக்கத்துக்கு வந்ததன் மூலம் புரூனோ ஹவுப்மன் என்ற தச்சுத் தொழிலாளி கைதானார். அவர் அதே மரக்காலையில் மரம் வாங்கியவர். அவரது வீட்டுப் பரணில் ஒரு பலகையின் பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. ஏணியின் 16ஆம் இலக்கச் சட்டத்திலிருந்த நான்கு ஆணித்துளைகள் அப்பரணின் கீழ்ச் சட்டங்களிலுள்ள துளைகளோடு பொருந்தின. அதனினும் முக்கியமாக, ஆண்டு வளையங்களின் எண்ணிக்கையும் வளைவும் இடைவெளியும் எஞ்சியிருந்த பலகையின் வளையங்களோடு ஒத்துப்போயின. மர நிபுணர் என ஒரு சாட்சி இருக்கவே முடியாதென எதிரி தரப்புச் சட்டத்தரணி ஆட்சேபித்தார். நீதிபதி அதனை ஏற்கவில்லை. 1936 ஏப்ரலில் ஹவுப்மன் மின்சார நாற்காலியில் மரண தண்டனைக்கு உட்பட்டார்.

அந்த வழக்குக் குறித்த சர்ச்சை இன்னும் ஓயவில்லை. பொலிஸார் அந்த வீட்டைத் தம் பொறுப்பில் வைத்திருந்த காலத்திலேயே பரண் பலகை கண்டுபிடிக்கப்பட்டது என்பதால், சான்று சோடிக்கப்பட்டது என்போரும் உளர். இரு துண்டுகளும் ஒரே பலகையைச் சேர்ந்தவை என்பதை மரம் சொல்லலாம். அதனை வெட்டியவர் யார் என்பதை மரம் சொல்லாது. தாவரச் சான்று எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

மகரந்தத்தின் கதை வேறு. மகரந்த மணியின் வெளியுறை எளிதில் அழிவதில்லை. இலட்சக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தாலும் அதன் வடிவம் அடையாளம் காணக்கூடியதாக இருக்கும். 1959இல் ஒஸ்திரியாவில் டானியூப் நதிப் பயணத்தின்போது ஒருவர் காணாமற்போனார். சடலம் கிடைக்கவில்லை. சந்தேகநபரின் சப்பாத்துச் சேற்றை ஆராய்ந்த வில்ஹெல்ம் கிளவுஸ், ஊசியிலை மரங்களின் மகரந்தத்தோடு, சுமார் இரண்டு கோடி ஆண்டுகள் பழைமையான ஹிக்கரி மரத்தின் மகரந்தத்தையும் கண்டார். அந்தக் கலவை வியன்னாவுக்கு வடக்கே ஒரு சிறு பிரதேசத்துக்கே உரியது. அவ்விடத்தைச் சொல்லிக் கேட்டதும் சந்தேகநபர் நிலைகுலைந்து உண்மையை ஒப்புக்கொண்டார். சடலமும் அங்கேயே கிடைத்தது.

உயிருடன் நிற்கும் செடியும் காலம் சொல்லும். 2002இல் இங்கிலாந்தில் இரு சிறுமியர் கொலையுண்ட வழக்கில் பற்றீசியா வில்ற்சயர் என்ற அறிஞர், மிதிபட்ட காஞ்சொறி வகைச் செடிகள் மீண்டும் விட்ட பக்கத் தளிர்களைக் கொண்டு, கொலையாளி நடந்த தடத்தையும் நாட்களையும் கணித்தார். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1992இல், அமெரிக்காவின் அரிசோனாவில் பாலோ வேர்டே மரத்தினடியில் ஒரு பெண்ணின் சடலம் கிடந்தது. சந்தேகநபரின் வாகனத்திலிருந்த இரு நெற்றுகளின் மரபணு, அந்த மரத்தினுடையதோடு ஒத்திருந்தது. தாவர மரபணு ஒரு கொலை வழக்கில் சான்றாக ஏற்கப்பட்டது அதுவே முதற்றடவை.

பங்கசுகளைப் பொறுத்தவரை, சடலத்திலோ ஈரமான தரைவிரிப்பிலோ படரும் பூஞ்சணத்தை அதே வெப்பநிலையில் ஆய்வுகூடத்தில் வளர்த்து நாட்களைக் கணக்கிடலாம். சில காளான்கள் புதையுண்ட உடல் அழுகி வெளிவிடும் நைதரசன் சேர்வைகள் மிகுந்த மண்ணில் முளைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 2023இல் மதிய விருந்துண்ட நால்வரில் மூவர் மாண்ட வழக்கில், வீசப்பட்ட மின் உலர்த்தியொன்றில் நச்சுக் காளானின் தடயங்கள் கண்டறியப்பட்டன. 2025 ஜூலையில் ஜூரி சபை விருந்தளித்த பெண்ணைக் குற்றவாளியெனக் கண்டது.

இவையெல்லாம் தனிமனிதக் குற்றங்கள். 1995 ஜூலையில் பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிக்காவில் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். சில மாதங்களில், குற்றத்தை மறைப்பதற்காக இயந்திரங்களால் அப்புதைகுழிகள் தோண்டப்பட்டு, எச்சங்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன. ஒருவரது உடலே பல குழிகளில் சிதறியது. ஆனால் எலும்புகளோடு முதற்குழியின் மண்ணும் போயிற்று. அம்மண்ணின் மகரந்தமும் தாவர எச்சங்களும் கனியங்களும் இரண்டாம் குழியின் சூழலோடு பொருந்தாது நின்றன. பிரித்தானிய ஆய்வாளர் டொனி பிறவுன் போன்றோர் அவற்றைக் கொண்டு எந்தக் குழியிலிருந்து எந்தக் குழிக்கு எச்சங்கள் சென்றன என்பதை இணைத்துக் காட்டினர். மறைத்தல் திட்டமிட்ட செயல் என்பதற்கு அது சான்றாயிற்று.

நம் நாட்டு வாசகருக்கு இவ்விடத்தில் இயல்பாகவே ஒரு கேள்வி எழும். மன்னாரில் 2018இல் கட்டட நிர்மாணத்தின்போதும், கொக்குத்தொடுவாயில் 2023இல் நீர்க்குழாய் பதிக்கும்போதும், செம்மணியில் 2025இல் மயான வேலையின்போதும் எச்சங்கள் தற்செயலாகவே வெளிப்பட்டன. எலும்புக்கூட்டை ஊடுருவி வளர்ந்த வேரின் வயது, உடல் குறைந்தபட்சம் எத்தனை காலம் புதையுண்டிருந்தது என்பதைக் கூறவல்லது. எனினும் குளிர்நாடுகளில் போன்று நமது மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையங்கள் தெளிவாக அமைவதில்லை. தேக்கு போன்ற சிலவே விதிவிலக்கு. ஆகவே மேலைநாட்டு அட்டவணைகளை இங்கு அப்படியே பொருத்த முடியாது. அந்தந்தப் பிரதேசத்தின் மகரந்தமும் மரமும் முன்கூட்டியே சேகரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கும் முன்னதாக, மண்வெட்டி எலும்பில் முட்டிய அக்கணமே வேலை நிறுத்தப்பட்டு, அறுபட்ட வேர்களும் புல்லும் மேல்மண்ணும் குப்பையென அள்ளப்படாமல் தனித்தனியே பொதியிடப்பட வேண்டும்.