உங்களுக்குத் தெரியுமா? ஒரே கேள்வி, ஐந்து நிரல்மொழிகள்

◆ ஆட்களையும் பொருட்களையும் முனைகளாகவும், அவற்றுக்கிடையே உள்ள உறவுகளை இணைப்புகளாகவும் சேமித்து வைப்பது கிராஃப் தரவுத்தளம். அதனிடம் கேள்வி கேட்பதற்காக 2009-ல் பிறந்த மொழி கிரெம்லின். இப்போது அப்பாச்சி டிங்கர்பாப் திட்டத்தின் கீழ் வளர்கிறது. ஜாவா தெரிந்தவர் ஜாவாவிலேயே கிரெம்லின் கேள்வியை எழுதலாம். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், சி ஷார்ப், கோ தெரிந்தவர்களுக்கும் அப்படியே. ஆனால் எந்த மொழியில் கேட்டாலும் விடை மாறக் கூடாது.

◆ தொடக்கத்தில் கிரெம்லினின் சோதனைகள் ஜாவாவில்தான் இருந்தன. மற்ற மொழிகள் வந்து சேர்ந்தபோது, நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒவ்வொரு மொழியிலும் திரும்ப எழுதுவதா என்ற கேள்வி வந்தது. எழுதலாம், ஆனால் ஒன்றில் திருத்தினால் மற்றவை பின்தங்கிவிடும். அதனால் எந்த நிரல்மொழிக்கும் சொந்தமில்லாத கெர்கின் என்ற எளிய உரை வடிவத்துக்குச் சோதனைகள் மாறின. ‘இந்தத் தரவு இருக்கிறது, இந்தக் கேள்வியை ஓட்டு, இந்த விடை வர வேண்டும்.’ ஒரு சோதனை இவ்வளவுதான். அதைப் படித்து ஓட்டும் சிறு நிரல் மட்டும் மொழிக்கு ஒன்று.

◆ கெர்கின் கோப்புகளைத் தமிழ் உட்பட 70-க்கும் மேற்பட்ட மனித மொழிகளில் எழுத முடியும். ‘கொடுக்கப்பட்ட’, ‘எப்போது’, ‘அப்பொழுது’ என்று தொடங்கும் வரிகளை, கெர்கினைப் படித்து ஓட்டும் குக்கும்பர் என்ற கருவி புரிந்துகொள்ளும்.

◆ பெரும்பாலான கிரெம்லின் சோதனைகள் ஓடுவது மிகச் சின்னத் தரவில்: 6 முனைகள், 6 இணைப்புகள். மார்க்கோ, வாதாஸ், ஜோஷ், பீட்டர் என நான்கு பேர். லாப், ரிப்பிள் என இரண்டு மென்பொருள்கள். யாருக்கு யாரைத் தெரியும், யார் எதை உருவாக்கினார் என்பவைதான் இணைப்புகள். சிறியதாக இருப்பதே இதன் பலம். விடை சரியா என்பதைத் தாளில் படம் வரைந்து விரலால் தொட்டே சரிபார்த்துவிடலாம்.

◆ பெரிய தரவும் உண்டு. ‘கிரேட்ஃபுல் டெட்’ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் பாடல்கள், அவற்றை எழுதியவர்கள், பாடியவர்கள், கச்சேரியில் எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வந்தது என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. 808 முனைகள், 8,049 இணைப்புகள்.

◆ விடைகள் சரியாக இருந்தும் சோதனை தோற்கலாம், வரிசையால்! மார்க்கோவிலிருந்து வெளியே போகும் இணைப்புகளைப் பின்தொடர்ந்தால் லாப், வாதாஸ், ஜோஷ் ஆகிய மூன்றும் கிடைக்கும். ஆனால் எது முதலில் வரும் என்று மொழி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. ஆகவே ‘விடை வரிசை மாறியும் வரலாம்’ என்று சோதனையிலேயே எழுதிவிடுகிறார்கள். வரிசைப்படுத்தச் சொல்லிக் கேட்ட கேள்விக்கு மட்டும் ‘இதே வரிசையில்’ என்ற நிபந்தனை. இதில் கவனமாக இருக்க வேண்டிய இன்னொன்று: எல்லா முனைகளிலிருந்தும் ஓர் அடி வெளியே போனால் 6 விடைகள் வரும், அவற்றில் லாப் மட்டும் மூன்று முறை. மார்க்கோ, ஜோஷ், பீட்டர் மூவருமே அதை உருவாக்கியவர்கள் அல்லவா? வரிசை முக்கியமில்லை என்பதற்காக இரட்டிப்புகளையும் நீக்கிவிட்டு ஒப்பிட்டால், லாப்பை ஒரே முறை தரும் பிழையான தரவுத்தளமும் தேர்வில் தேறிவிடும். கூடவோ குறையவோ இல்லாமல் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும்.

◆ விடையில் 29 என்று வந்தால், எந்த 29? ஜாவாவில் 32 பிட் முழு எண் வேறு, 64 பிட் முழு எண் வேறு. பைத்தானின் முழு எண்ணுக்கு அப்படி ஓர் எல்லையே கிடையாது. ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான எண் வகையோ 9007199254740991-ஐத் தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களையே பிரித்துச் சொல்லத் தவறும். எனவே கெர்கின் கோப்பில் எண்ணுக்குப் பின்னால் அதன் வகையைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்க்கிறார்கள். அதைத் தன் வகைக்கு மாற்றிக்கொள்வது அந்தந்த மொழியின் பொறுப்பு. பல மொழிச் சோதனையில் மிக நுணுக்கமான இடம் இதுதான் என்பேன்.

◆ கிரெம்லினில் ‘இன்’, ‘ஆஸ்’, ‘நாட்’ என்ற கட்டளைகள் உண்டு. அவை பைத்தானில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட சொற்கள். அதனால் பைத்தானில் அவற்றின் வால் பகுதியில் ஓர் அடிக்கோடு ஒட்டிக்கொள்ளும். சி ஷார்ப்பிலும் கோ மொழியிலும் கட்டளைகள் பெரிய எழுத்தில் தொடங்கும். கோ மொழியில் இது அழகுக்காக அல்ல. சிறிய எழுத்தில் தொடங்கும் பெயரை வெளியிலிருந்து அழைக்கவே முடியாது.

◆ எல்லாத் தரவுத்தளங்களும் எல்லா வசதிகளையும் தருவதில்லை. இல்லாத வசதிக்கான சோதனையைத் தவிர்க்க, ஒவ்வொரு சோதனையின் தலையிலும் அடையாளக் குறிகள் இருக்கும். எதைத் தவிர்த்தோம் என்பது இதனால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

◆ 2024 ஏப்ரலில் ஐஎஸ்ஓ அமைப்பு கிராஃப் தரவுக்கென்று ஜிக்யூஎல் என்ற மொழியைத் தரப்படுத்தியது. தரவுத்தளக் கேள்விகளுக்கு எஸ்க்யூஎல் மொழியை அது 1987-ல் ஏற்றுக்கொண்ட பிறகு வந்த புதிய மொழி இது.

◆ நியோ4ஜே நிறுவனத்தின் சைஃபர் மொழிக்கும் ‘ஓப்பன் சைஃபர்’ என்ற பெயரில் பொதுவான சோதனைத் தொகுப்பு உண்டு; அதுவும் கெர்கின் வடிவத்தில்தான். விடையோடு அது நிற்பதில்லை. கேள்வி ஓடி முடிந்ததும் எத்தனை முனைகள் புதிதாகச் சேர்ந்தன, எத்தனை அழிந்தன என்று கணக்குப் பார்க்கிறது. எதுவுமே மாறியிருக்கக் கூடாது என்றால் அதையும் தனி வரியாக எழுதிவைக்கிறது. தவறான கேள்விகளுக்கும் அதில் இடம் உண்டு: அறிமுகம் செய்யாத மாறியைப் பயன்படுத்தினால் பிழை வந்தால் போதாது, எந்த வகைப் பிழை என்பதும், கேள்வி ஓடத் தொடங்கும் முன்பே அது வந்துவிட்டதா என்பதும் சோதிக்கப்படும்.