சாவி யாரிடம் இருக்கிறது?



சில வருடங்களுக்கு முன்னர், பதுளையில் மழை விடாது பெய்த ஒரு பிற்பகலில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வன்னியில் குடியேறி வாழ்ந்து, யுத்தத்தில் மகனைத் தொலைத்துவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே திரும்பியவர். மகனின் பெயர், கடைசியாகக் கண்ட இடம், அன்று அவன் போட்டிருந்த சட்டையின் நிறம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் பதிந்தேன். புறப்படும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"மிஸ், நான் சொன்னதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ள வச்சிட்டீங்க. இதத் தொறக்குற சாவி யாருகிட்ட இருக்கு?"

"எங்ககிட்டத்தான் அம்மா, பயப்படாதீங்க" என்றேன். சமூகவியலில் பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த புதிது. அந்தப் பதில் எவ்வளவு பொறுப்பற்றது என்பது எட்டு மாதங்களின் பின்னரே எனக்கு விளங்கியது.

எல்லோர் கையிலும் ஒரே சாவி

எங்கள் அலுவலகத்தில் பதினொரு கணினிகள் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றிலிருந்த பழைய தமிழ்க் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள்தான் சிதறிக் கிடக்கும். தோட்டத்துப் பெண்களுக்குப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர் என்றால் சேமலாப நிதிப் பணம் எடுப்பதற்கே அலைய வேண்டும். ஆகவே எல்லாக் கணினிகளிலும் யுனிகோட் தமிழ் எழுதும் மென்பொருளை நிறுவத் தீர்மானித்தோம்.

புதிய மென்பொருளை நிறுவுவதற்குப் பெரும்பாலும் கணினியின் 'நிர்வாகி' உரிமை தேவை. சாதாரணக் கணக்கில் கடிதம் எழுதலாம், கோப்பைத் திறக்கலாம். நிர்வாகிக் கணக்கிலோ கணினியின் எந்த மூலையையும் மாற்றலாம், எவருடைய கோப்பையும் பார்க்கலாம், அழிக்கலாம். எங்களுக்கு உதவ வந்த தம்பி எல்லாக் கணினிகளிலும் நிர்வாகிக் கணக்குக்கு ஒரே கடவுச்சொல்லை வைத்தார். கணினிகளின் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதினார். பி.எஸ்.எக்ஸெக் என்ற சிறு கருவியைக் கொண்டு, தான் இருந்த கதிரையிலிருந்தே பதினொரு கணினிகளிலும் மென்பொருளை இயக்கி முடித்தார். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. நாங்கள் கைதட்டினோம்.

அதன் பிறகுதான் தவறு நடந்தது. ஒவ்வொரு சிறு வேலைக்கும் அந்தத் தம்பியை அழைக்க வேண்டியிருந்ததால், அக்கடவுச்சொல்லை எல்லோருக்கும் தரும்படி கேட்டவள் நானேதான். கலண்டரின் கீழே ஒரு கடதாசியில் எழுதி ஒட்டினோம். நாளடைவில் எல்லோரும் நிர்வாகியாகவே வேலை செய்யப் பழகிக்கொண்டோம்.

இரண்டாம் முறை சொன்ன கதை

ஒருநாள் பயிற்சிப் பட்டறைப் புகைப்படங்களுடன் ஒரு பென் டிரைவ் வந்தது. படம் என்று நினைத்து அழுத்தியது படமல்ல, ஒரு வைரஸ். யார் கணக்கில் அது இயங்குகிறதோ அவருடைய அதிகாரம் முழுவதும் அதற்குக் கிடைத்துவிடும். சாதாரணக் கணக்கென்றால் அதனால் எட்டக்கூடியவை குறைவு. எங்களுடையது நிர்வாகிக் கணக்கு. பதினொன்றுக்கும் ஒரே கடவுச்சொல். பின்னேரத்துக்குள் எல்லாக் கணினிகளிலும் கோப்புகள் பூட்டப்பட்டிருந்தன. வேறு பிரதியும் இருக்கவில்லை.

மறுபடியும் ஒவ்வொரு தோட்டமாக ஏறி இறங்கினேன். கேட்ட கேள்விகளையே மீண்டும் கேட்டேன். பசறை அம்மாவின் லயத்துக்கும் போனேன். சட்டையின் நிறத்தைச் சொல்லும்போது, முதல் தடவை நின்ற அதே இடத்தில் அவர் பேச்சு நின்றது. என் வசதிக்காகச் சுவரில் ஒட்டிய ஒரு கடதாசி, ஒரு தாயை அந்த நாளுக்குள் இரண்டாம் தடவையாக இழுத்துச் சென்றுவிட்டது.

கங்காணியின் துண்டு

மலையக வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிய பாடமல்ல. ஒரு காலத்தில் ஒரு கூட்டத் தொழிலாளரின் கடன் கணக்கு முழுவதும் பெரிய கங்காணியின் கையில் இருந்தது. அவர்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற்ற ஒரு 'துண்டு' போதுமாயிருந்தது. அந்த முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பலருடைய கணக்கை ஒரே தாளில் அடக்கிவைத்தால், அந்தத் தாளை வைத்திருப்பவருக்கே எல்லோரும் அடங்கிப்போக நேரிடும். நிர்வாகிக் கடவுச்சொல்லும் அத்தகையதொரு துண்டுதான்.

கானாவில் ஒரு மின்வெட்டு

உலகின் பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிப் பரவிய நொட்பெட்யா என்ற வைரஸ், ஒரு கணினியின் நினைவகத்தில் கிடைத்த நிர்வாகிக் கடவுச்சொற்களைத் திருடி, மற்றக் கணினிகளில் தன்னைத்தானே இயக்கிக்கொண்டது. அதற்கு அது பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, எங்கள் தம்பி பயன்படுத்திய அதே பி.எஸ்.எக்ஸெக். கருவியில் குற்றமில்லை. சாவி யாரிடம் அகப்பட்டது என்பதே விடயம்.

கொள்கலன் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், 45,000 கணினிகளையும் 4,000 சேர்வர்களையும் பத்தே நாட்களில் மீண்டும் அமைக்க வேண்டியதாயிற்று. பணியாளர்களின் கணக்குகளையெல்லாம் வைத்திருந்த தலைமைச் சேர்வர்களில் ஒன்று மட்டுமே தப்பியிருந்தது. அது ஆபிரிக்காவின் கானா நாட்டில் இருந்தது. அந்நேரம் அங்கே மின்வெட்டு என்பதால் அது வலையமைப்பில் இணைந்திருக்கவில்லை. மின்வெட்டைத் திட்டியே பழகிய நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் இணைக்கப்படாமல் இருக்கும் பிரதியே காப்பாற்றும் என்ற உண்மை இதில் இருக்கிறது.

நமது நாட்டிலும், 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை தாக்கப்பட்டபோது, ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தகவல்கள் இழக்கப்பட்டன. அக்காலப்பகுதிக்கு உரிய பிரதி இருக்கவில்லை.

நாங்கள் மாற்றியவை

எங்கள் அலுவலகத்தில் இப்போது எல்லோரும், பொறுப்பாளர் உட்பட, சாதாரணக் கணக்கிலேயே வேலை செய்கிறோம். மென்பொருள் நிறுவுவதற்கென்று தனிக் கணக்கு உண்டு. அதில் எவரும் மின்னஞ்சல் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு நிர்வாகிக் கடவுச்சொல். அவை எழுதிய கடித உறை பூட்டிய அலுமாரியில் இருக்கிறது. திறப்பதாயின் இருவர் கையொப்பமிட வேண்டும். புதிய மென்பொருளை முதலில் ஒரு கணினியில் இயக்கிப் பார்த்த பின்னரே ஏனையவற்றில் இயக்குகிறோம். யார், எப்போது, எதை நிறுவினார் என்று ஒரு கொப்பியில் எழுதுகிறோம். வாரந்தோறும் எடுக்கப்படும் பிரதி, எந்தக் கணினியுடனும் இணைக்கப்படாமல் வேறு கட்டடத்தில் இருக்கிறது. வேலை சற்றுத் தாமதமாகிறது, உண்மைதான்.

அலுவலகங்களில் வேலை செய்யும் சகோதரிகளுக்கும், கணினி பழகும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 2007 இல் விண்டோஸ் விஸ்டா வந்த காலம் முதல், நிர்வாகி உரிமை தேவைப்படும்போது திரை மங்கி ஓர் அனுமதி கேட்கும். அவசரத்தில் "ஆம்" என்று அழுத்திவிடாதீர்கள். நீங்கள் எதையும் நிறுவாதபோது அக்கேள்வி வந்தால் "இல்லை" என்பதே சரியான பதில்.

நீங்கள் கேட்கலாம்

காணாமற்போனவர் பற்றியோ, உங்கள் உடலில் பட்ட காயம் பற்றியோ, காணி பற்றியோ ஓர் அலுவலகத்தில் சொல்லும்போது, நீங்கள் கையேந்தி நிற்பவரல்ல. உங்கள் வாழ்க்கையை நம்பி ஒப்படைப்பவர். எனவே கேளுங்கள்: இதை யார் யார் பார்க்கலாம்? அந்த உரிமையை யார் கொடுத்தார்? பிரதி எங்கே இருக்கிறது? வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் நிறுத்தப்பட்டதா?

2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றிக் கணினியொன்றுக்குள் நுழைவது குற்றம். 2022 இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கென 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. ஆனால் சட்டம் வந்து கடவுச்சொல்லை மாற்றாது. கேள்வி கேட்கும் ஒரு பெண் மாற்றவைப்பாள்.

பசறை அம்மா கடந்த முறை வந்தபோது, அவர் கேளாமலே அலுமாரியையும் கொப்பியையும் காட்டினேன். சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று இரண்டு பெயர்களைச் சொன்னேன். அவர் அந்தப் பெயர்களை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"சரி மிஸ், இப்ப எழுதுங்க" என்றார்.