நம்மோடு இடம்பெயர்ந்த சுகாதாரத் தொண்டர்கள்

1990 ஆகஸ்டில் தீவகம் இராணுவத்தின் கைக்கு மாறியபோது மண்டைதீவிலிருந்து நாம் கொண்டுவந்தவை சொற்பம். மாரி விதைப்புக்கென வைத்திருந்த விதைநெல்கூட வீட்டு மூலையிலேயே கிடந்தது. பாடசாலைகளிலும் ஆலயங்களிலும் பாய் விரித்துப் படுத்தோம். ஒரே கிணற்றில் பல குடும்பங்கள் தண்ணீர் அள்ளின, மலசலகூடங்கள் போதவில்லை. இப்படியான இடத்திற்கு முதலில் வரும் நோய் வயிற்றோட்டமே.

அவ்வேளை துணை நின்றவர்கள் வைத்தியர்கள் மட்டுமல்லர். நம்மோடு ஓடிவந்த பெண்பிள்ளைகள் சிலர் சுகாதாரத் தொண்டர்களாயினர். இலங்கையில் இம்முறை 1970களிலேயே தொடங்கியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மருத்துவ மாதுக்கும் உதவியாக நின்று கிணற்றுக்குக் குளோரின் போடுவது, தடுப்பூசி நாளை அறிவிப்பது, கர்ப்பிணிகளைப் பதிவது அவர்கள் வேலை. "தண்ணி மருந்து மணக்குது பிள்ளை, தேத்தண்ணியும் குடிக்க ஏலாது" என்று ஏசியவர்களும் நாம்தான். ஏச்சை வாங்கிக்கொண்டு மறுமுறையும் வந்து போட்டார்கள்.

வயிற்றோட்டமென்றால் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று நம்பிய தாய்மாருக்கு, ஜீவனி பக்கற் இல்லாத இடத்தில், கரைசல் கலக்கக் காட்டித் தந்தவர்களும் இவர்களே: கொதித்தாறிய நீர் ஒரு லீற்றர், மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. இதைச் சிறிய காரியமென எண்ண வேண்டாம். 1971இல் வங்காளதேச அகதிகள் தங்கிய, மேற்கு வங்கத்து பொன்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோகவே, வைத்தியர் திலீப் மகலனோபிஸ் இத்தகைய கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினர் கையாலேயே பருக்கச் செய்தார். நூற்றுக்கு 30 அளவில் இருந்த மரணம் 4க்கும் கீழே இறங்கியது. படித்த வைத்தியரின் அறிவு, பக்கத்தில் இருந்தவரின் கை வழியாகத்தான் நோயாளியைச் சென்றடைந்தது.

ஆனால் 'தொண்டர்' என்ற பெயரில் மற்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு: அவர் சம்பளம் கேட்க மாட்டார்! போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் வடமாகாணச் சுகாதாரத் தொண்டர்கள் நிரந்தர நியமனம் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. பிறரைக் குறைகூறுமுன் நம்மையும் பார்க்க வேண்டும். 'தியாகம்' என்று மேடையில் புகழ்ந்துவிட்டு, பஸ் காசும் கொடாமல் அவர்களை வீட்டுக்கு அனுப்பிய நாட்கள் நமக்கும் உண்டு.

இன்னும் ஊர் திரும்பாமல் குடியிருப்புகளில் வாழும் நீங்கள், அடுத்த சங்கக் கூட்டத்தில் உங்கள் தொண்டரின் பயணச் செலவை முதல் விடயமாக எடுங்கள். அவரையும் கூப்பிட்டு இருத்தியே பேசுங்கள். சைக்கிளுக்கு ரியூப் மாற்றவும் காசு வேண்டுமல்லவா?