உங்களுக்குத் தெரியுமா? செஞ்சிக் கோட்டையைத் தவறவிட்ட கம்ப்யூட்டர் காலண்டர்!

சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது 1677இன் நடுவில். அந்தத் தேதியை பைத்தான் மொழியின் ‘பாண்டாஸ்’ நிரல் நூலகத்தில் நானோ நொடிக் கணக்கில் போட்டுப் பாருங்கள். முடியாது என்று சொல்லிவிடும்! அதன் காலண்டர் தொடங்குவதே 1677 செப்டம்பர் 21, நள்ளிரவு தாண்டி 12 நிமிடம் 43 நொடிக்குத்தான். உலகம் முழுக்க டேட்டா அலசுகிறவர்கள் கையில் இருக்கும் நூலகம், நம் திண்டிவனத்துப் பக்கத்துக் கோட்டையைச் சில மாத வித்தியாசத்தில் கோட்டை விட்டிருக்கிறது!

செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா தப்பித்தார்! அவர் போரில் வீழ்ந்த 1714 அக்டோபர் 3 பாண்டாஸில் ஜோராக உட்கார்ந்துகொள்ளும்.

ஏன் 1677? 1970 ஜனவரி 1தான் பூஜ்யம். அங்கிருந்து ஒவ்வொரு நானோ நொடியாக எண்ணி, 64 பிட்டுக்குள் அடைக்கிறார்கள். முன்னே 292 வருடம், பின்னே 292 வருடம். அவ்வளவுதான், இடம் காலி! மறுமுனை 2262 ஏப்ரல் 11!

நானோ நொடியை விட்டுவிட்டு வெறும் நொடியாக எண்ணினால்? அதே 64 பிட்டில் இரு பக்கமும் 29,200 கோடி வருடம் அடங்கும்! 2023இல் வந்த பாண்டாஸ் 2.0 இந்த நொடிக் கணக்கை ஏற்றுக்கொண்டது. செஞ்சியும் உள்ளே வந்துவிட்டது. நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி வருடம். 29,200 கோடிக்கு முன்னால் அது எம்மாத்திரம்!

உலகக் கம்ப்யூட்டர்கள் பலவும் நேரத்தை எண்ணத் தொடங்கும் அந்தப் பூஜ்ய நொடியில் திண்டிவனத்தில் மணி என்ன? விடியற்காலை 5.30! கிழமை வியாழன்!

இப்போது சொல்லப்போவதுதான் இந்த வாரத்தின் பெரிய வேட்டை. பாண்டாஸில் 1900 ஜனவரி 1 என்று அடியுங்கள். நேர மண்டலம் ‘ஆசியா/கொல்கத்தா’ என்று கொடுங்கள். கிரீன்விச்சிலிருந்து 5 மணி 30 நிமிடம் என்றுதானே வர வேண்டும்? வராது! 5 மணி 21 நிமிடம் என்று வரும்!

அந்த 5.21 யாருடைய நேரம்? சென்னையுடையது! நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடம் கணித்துக் கொடுத்த ‘மெட்ராஸ் டைம்’. பம்பாய், கல்கத்தா என்று ஊருக்கு ஊர் ஒரு மணி அடித்த காலத்தில், இந்திய ரயில்கள் ஓடியது நம் மெட்ராஸ் கடிகாரத்தைப் பார்த்துத்தான்! மண்டலத்தின் பெயர் கொல்கத்தா, உள்ளே இருப்பது மெட்ராஸ்! இன்றைக்கும் உங்கள் லேப்டாப்பில், செல்போனில் அந்த விவரம் பத்திரமாக இருக்கிறது!

1906 ஜனவரி 1 பிறந்ததும் அது 5.30 ஆக மாறியது. நேர மண்டலப் பட்டியலில் மெட்ராஸ் நேரம் துல்லியமாக 5 மணி 21 நிமிடம் 10 நொடி; அதன்படி, புத்தாண்டு பிறந்த அதே நொடியில் காணாமல் போனது 8 நிமிடம் 50 நொடி!

கொல்கத்தாவும் சும்மா இருக்கவில்லை! பைத்தானின் பழைய நேர நூலகமான ‘பிஒய்டிஇசட்’டைச் சாதாரணத் தேதியோடு நேரடியாக ஒட்டினால், இந்திய நேரம் 5 மணி 53 நிமிடம் ஆகிவிடும். அது 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தா நேரம்! 2024ஆம் வருடத் தேதிக்குக்கூட அதே கதைதான். பாண்டாஸின் ‘டிஇசட் லோக்கலைஸ்’ வழியாகப் போனால் சுத்தமாக 5.30 வரும்.

1942 செப்டம்பர் 1, நள்ளிரவு தாண்டி 12.30. அப்படி ஒரு நேரமே இந்தியாவில் இருந்ததில்லை! யுத்தத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். 12 மணிக்கு அடுத்து நேரே 1 மணி. பாண்டாஸிடம் 12.30 என்று கொடுத்துப் பாருங்கள். ‘இல்லாத நேரம்’ என்று பிழை காட்டி நிற்கும்!

1945 அக்டோபர் 14 இரவு 11.30? அது இரண்டு தடவை வந்தது! எந்த 11.30 என்று பாண்டாஸ் உங்களையே திருப்பிக் கேட்கும்!

ஃபெஞ்சல் புயல் நினைவிருக்கிறதா? மறக்க முடியுமா! திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. பதிவேட்டில் தேதி 2024 டிசம்பர் 1. ஆனால் புயல் கரையைக் கடந்தது நவம்பர் 30 இரவு!

தேதி தப்பில்லை. வானிலைத் துறைக்கு நாள் முடிவது நள்ளிரவில் அல்ல, காலை 8.30க்கு! முந்தின நாள் காலை 8.30இலிருந்து பெய்த அத்தனை மழையும் இன்றைய தேதியில் ஏறும். பாண்டாஸோ நள்ளிரவில் நாளைக் கத்தரித்துவிடும். மணிவாரி மழை அளவை அப்படியே கூட்டினால் மயிலத்தின் 51 இரண்டு துண்டாகிவிடும்! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ‘ரீசாம்பிள்’ கட்டளையில் 24 மணி என்று கொடுத்து, ‘ஆஃப்செட்’ என்ற இடத்தில் 8 மணி 30 நிமிடம் என்று எழுதுங்கள். நாளின் பெயரை முடிவு நேரத்தில் வைக்க ‘லேபிள்’ வலப்பக்கம், ‘க்ளோஸ்ட்’ வலப்பக்கம். தீர்ந்தது! வானிலைத் துறையின் நாள் உங்கள் திரையில்!

கம்ப்யூட்டர் இல்லாத காலத்துக் கணக்கைக் கேளுங்கள்! 1825இல் புதுச்சேரிப் பக்கத்துப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடம் செய்த வாய்பாட்டை வைத்தே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எதிரே உட்கார்ந்து பார்த்தவர் வானியலாளர் ஜான் வாரன். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிசகு வெறும் 4 நிமிடம்!

அதற்கும் முன்னால், 1765 ஆகஸ்ட் 30 கிரகணம். எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தமிழ் முறையில் போட்ட கணக்கில் பிழை 41 நொடி. ஐரோப்பாவே மெச்சிய டோபியாஸ் மேயர் அட்டவணையில் பிழை 68 நொடி! இதை எழுதி வைத்தவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில்!

வந்தவாசிப் போர் 1760 ஜனவரி 22. கிழமை கேட்டால் பாண்டாஸ் கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லும்: செவ்வாய்! அங்கிருந்து 1947 ஆகஸ்ட் 15 வரை கழித்தால்? 68,505 நாள்!

விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993 செப்டம்பர் 30. கள்ளக்குறிச்சி பிரிந்தது 2019 நவம்பர் 26. இடையே 9,553 நாள்!

வங்கிக்கு விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமைகள் வேண்டுமா? அதற்கென்றே ஒரு சுருக்கெழுத்து இருக்கிறது: ‘டபிள்யூஓஎம்-2எஸ்ஏடி’. பத்து வருடத்துச் சனிக்கிழமைகளும் ஒரே வரியில் கொட்டும்!

காலியான தேதிக்கு பாண்டாஸ் வைத்த பெயர் ‘நாட்’. அது தனக்குத் தானே சமம் இல்லை! நாட்டும் நாட்டும் ஒன்றா என்று கேட்டால் பதில்: இல்லை!

கடைசியாக, உங்கள் கம்ப்யூட்டரில் இன்றே பார்க்க வேண்டிய ஒன்று. மல்லாட்டை மூட்டை விலைப் பட்டியலில் 03/04/2024 என்று எழுதியிருக்கிறது. நமக்கு அது ஏப்ரல் 3. பாண்டாஸுக்கு மார்ச் 4! அதே பாண்டாஸுக்கு 13/04/2024 மட்டும் ஏப்ரல் 13. பதின்மூன்றாம் மாதம் கிடையாதே! 2.0க்கு முந்தைய பதிப்புகளில் ஒரே பத்தியில் இரண்டு விதமும் கலந்துவிடும். மாதத்தின் முதல் 12 நாளில் 11 நாள் விலை இடம் மாறிப் போகும்! கோப்பைத் திறக்கும்போதே ‘டே ஃபர்ஸ்ட்’ என்பதற்கு ‘ட்ரூ’ என்று எழுதிவிடுங்கள். பன்னிரண்டே எழுத்து!