பத்து வெள்ளியா, நூறு வெள்ளியா: மின்கித்தாரின் ஒலியை மாற்றுவது எது?

மின்கித்தார் கற்கத் தொடங்கிய ஓராண்டுக்குள் பல இளையர்களுக்கு ஒரு குறை எழுகிறது. கை ஓரளவு பழகிவிட்டது. ஆனால், விரும்பிக் கேட்கும் பாடலில் வரும் அந்த ஒலி தங்கள் கித்தாரிலிருந்து வரவில்லை. புதிய கித்தார் வாங்கப் பணமில்லை. அப்போது கடையின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சின்னச் சின்னப் பொருள்கள் கண்ணில் படுகின்றன. தங்க முலாம் பூசிய கேபிள், எலும்பில் செய்த நட், கித்தாரின் தலையில் மாட்டும் பித்தளைப் பிடிப்பான், பழங்காலக் கெப்பாசிட்டர் என்று ஒவ்வொன்றும் ஒலியை மேம்படுத்துவதாகச் சொல்லி விற்கப்படுகிறது.

பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை இவற்றில் எதற்குச் செலவிடலாம், எதற்குச் செலவிடத் தேவையில்லை? விடை காண, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இயற்பியலே பெரும்பாலும் போதும்.

ஒலி பிறக்கும் பாதை

சாதாரண கித்தாரில் மரப்பெட்டிதான் ஒலியைப் பெருக்குகிறது. மின்கித்தாரில் அந்த வேலையைச் செய்யத் தொடங்குவது, கம்பிகளுக்கு அடியில் இருக்கும் ‘பிக்கப்’. அது ஒரு காந்தம். அதைச் சுற்றி முடியைப் போன்ற மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே இருக்கும் எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. செம்புச் சுருளில் சிறிய மின்சாரம் பிறக்கிறது. மைக்கல் ஃபாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். அந்த மின்சாரம் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குச் சென்று ஒலியாகிறது. மின்கித்தாரில் நைலான் கம்பியைக் கட்டினால், எவ்வளவு பலமாக மீட்டினாலும் பிக்கப்பில் மின்சாரம் பிறக்காது.

எனவே, எந்தத் துணைப்பொருளைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். அது கம்பி அதிரும் விதத்தை மாற்றுகிறதா? பிக்கப்பிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை மின்சாரம் செல்லும் பாதையில் அது குறுக்கிடுகிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்பது பதிலானால், அந்தப் பொருள் அழகுக்கோ வசதிக்கோ உதவலாம், ஒலிக்கு உதவாது.

விலை குறைந்தவை செய்யும் பெரிய மாற்றம்

இந்த இரண்டு கேள்விகளில் முதலில் தேறுவது, கையில் பிடித்து மீட்டும் சிறிய ‘பிக்’. அதன் நுனி கூர்மையாகவும் விறைப்பாகவும் இருந்தால் ஒலியின் மேல்சுரங்கள் அதிகமாகக் கேட்கும். நுனி வட்டமாகவும் மென்மையாகவும் இருந்தால் ஒலி மழுங்கும். ‘குவீன்’ இசைக்குழுவின் பிரையன் மே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவர் பிளாஸ்டிக் பிக் பயன்படுத்துவதில்லை. பிரிட்டனின் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுகிறார். நாணயம் வளைவதில்லை; அதன் விளிம்பில் உள்ள வரிகள் கம்பியை உரசும்போது ஒருவித கரகரப்பும் சேர்கிறது.

அதே பிரையன் மே, தமது புகழ்பெற்ற ‘ரெட் ஸ்பெஷல்’ கித்தாரை 1963ஆம் ஆண்டில் தம் தந்தையுடன் சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம், நடுக்கக் கருவிக்கு மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங், அதன் கைப்பிடி நுனிக்குத் தாயாரின் பின்னல் ஊசி என்று கிடைத்ததை வைத்தே செய்தார்கள். பிற்காலத்தில் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்ற அவருக்கு, எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்பது தெரிந்திருந்தது.

அடுத்தது கம்பிகள். தடித்த கம்பியில் உலோகம் அதிகம் என்பதால், அது காந்தப்புலத்தை அதிகமாக அசைக்கிறது. கம்பி எஃகா, நிக்கலா என்பதும் ஒலியில் தெரியும். எல்லாவற்றையும்விட முக்கியம், கம்பியின் வயது. நம் ஊரின் ஈரப்பதத்திலும் விரல் வியர்வையிலும் கம்பிகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. சுருட்டுகளுக்கிடையே அழுக்கு சேரச் சேர மேல்சுரங்கள் அடங்கி, ஒலி மந்தமாகிவிடும். ‘என் கித்தார் சரியில்லை’ என்று வருந்தும் பலருக்குத் தேவைப்படுவது, பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு புதிய கம்பித் தொகுதியும், வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துடைக்க ஒரு காய்ந்த துணியும்தான்.

கேபிளில் முக்கியம் நீளம்

கேபிளும் மின்சாரத்தின் பாதையில்தான் இருக்கிறது. ஆனால், ஒலியை மாற்றுவது அதன் தங்க முலாம் அல்ல, நீளம்.

கேபிளின் நடுக்கம்பியும் அதைச் சுற்றியுள்ள உலோக வலையும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டரைப் போல, அதாவது மின்தேக்கியைப் போல, செயல்படுகின்றன. பொதுவான கேபிளில் ஒரு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மின்தேக்கியும் பிக்கப்பின் செம்புச் சுருளும் இணைந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அந்த உச்சத்துக்கு மேலுள்ள அதிர்வெண்கள் வேகமாகக் குறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுருளின் தூண்டல் 2.5 ஹென்ரி, பிக்கப்பின் சொந்த மின்தேக்கம் 100 பிக்கோஃபாரட் என்று கொண்டால், 3 மீட்டர் கேபிளில் உச்சம் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்சில் இருக்கும். 10 மீட்டர் கேபிளில் அது ஏறத்தாழ 3,000 ஹெர்ட்சுக்கு இறங்கிவிடும். இந்த வேறுபாட்டைப் பழகாத காதும் கண்டுபிடிக்கும். படுக்கையறையில் வாசிப்பவருக்கு 10 மீட்டர் கேபிள் தேவையில்லை.

தங்க முலாம் துருவைத் தடுக்கும். அது ஒரு நன்மையே. ஆனால், அதனால் ஒலி ‘பொன்னாக’ மாறிவிடாது. கித்தாரை அடுத்து ‘பஃபர்’ உள்ள பெடல் ஒன்று இருந்தால், அதற்குப் பின்வரும் கேபிளின் நீளமும் பெரிதாகப் பாதிக்காது.

பாதி உண்மைகள்

சில பொருள்களைப் பற்றிச் சொல்லப்படுவதில் உண்மை உண்டு; ஆனால், முழு உண்மை இல்லை.

நட் என்பது கழுத்தின் முனையில் கம்பிகள் தங்கியிருக்கும் சிறு துண்டு. அதன் மூலப்பொருள், விரல் வைக்காமல் மீட்டும் கம்பியின் ஒலியை மட்டுமே மாற்ற முடியும். ஏதேனும் ஒரு கட்டையில் விரலை அழுத்திய உடனே நட்டுக்கும் அதிரும் பகுதிக்கும் தொடர்பு விட்டுப்போகிறது. ஆனால், பள்ளங்கள் சரியாக வெட்டப்பட்ட நட் சுருதியை நிலையாக வைத்திருக்கும். அதற்காக மாற்றுவது நியாயம்.

தலையில் மாட்டும் பிடிப்பானின் கதையும் இப்படித்தான். சில கித்தார்களில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் சுரம் சட்டென்று அடங்கிவிடும். கம்பியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்வதே காரணம். தலையில் எடை கூட்டினால் கழுத்தின் அதிர்வெண் மாறி, அந்த அடங்கல் வேறிடத்துக்கு நகரலாம். அந்தக் குறை இல்லாத கித்தாருக்குப் பிடிப்பானால் பெரிய பயனில்லை.

‘டோன்’ திருகுடன் இணைந்த கெப்பாசிட்டரின் மதிப்பை மாற்றினால், திருகைக் குறைக்கும்போது ஒலி மாறும். ஆனால், மதிப்பு ஒன்றாகவே இருந்தால், மலிவான செராமிக் வகையையும் விலையுயர்ந்த எண்ணெய்க் காகித வகையையும் காதால் பிரித்தறிவது மிகக் கடினம். மலிவான வகைகளின் உண்மையான மதிப்பு அச்சிட்டதைவிட 20 விழுக்காடு வரை கூடக் குறைய இருக்கலாம். ‘மாற்றியதும் வித்தியாசம் தெரிந்தது’ என்பவர் சில வேளைகளில் இதைத்தான் கேட்கிறார்.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. பிக்கப்பின் உலோக மூடி வெறும் அலங்காரமாகத் தோன்றும். ஆனால், அது காந்தப்புலத்துக்குள் இருக்கிறது. பித்தளை மூடியில் சுழல் மின்னோட்டங்கள் உருவாகி மேல்சுரங்களைக் குறைத்துவிடுகின்றன.

காதுக்கு வைக்கும் தேர்வு

பணம் கொடுத்து வாங்கியதும் ஒலி நன்றாகிவிட்டதாகவே தோன்றும். புதுக்கம்பி போட்ட அதே நாளில் புதுக் கேபிளும் வாங்கினால் பாராட்டு கேபிளுக்குப் போய்விடும். சற்றே உரக்க ஒலிப்பதையும் நம் காது ‘தரமானது’ என்று எடுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் நாஷ்வில் நகரக் கித்தார் கலைஞர் ஜிம் லில் யூடியூபில் வெளியிட்ட சோதனை பலரையும் யோசிக்கவைத்தது. உடலும் கழுத்தும் இல்லாமல், இரு மேசைகளுக்கு இடையே கம்பிகளை இழுத்துக் கட்டி, பிக்கப்பைப் பொருத்தி அவர் வாசித்தார். அந்த ஒலி, விலையுயர்ந்த கித்தாரின் ஒலிக்கு மிக நெருக்கமாக இருந்தது. ஒருவரின் சோதனை இறுதித் தீர்ப்பாகாது. ஆனால், சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை அது தருகிறது.

இதை நண்பருடன் நீங்களும் செய்யலாம். திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள். நண்பர் நாணயத்தைச் சுண்டி, பழைய கேபிளா புதிய கேபிளா என்று முடிவு செய்து, ஒரே வரியை ஒரே ஒலியளவில் வாசிக்கட்டும். மாற்றாதபோதும் கழற்றி மாட்டும் சத்தத்தை அவர் எழுப்ப வேண்டும். பத்து முறை ஊகியுங்கள். ஐந்து சரியென்றால் அது வெறும் குருட்டு ஊகம். ஒன்பது அல்லது பத்து சரியென்றால், அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான். உங்கள் காதை நம்பலாம்.

பணம் செலவழிக்கும் முன்

முதலில் செலவில்லாத வேலை: ஒரு திருப்புளியால் பிக்கப்பின் உயரத்தை மாற்றிக் கேளுங்கள். கம்பிக்கு அருகில் வந்தால் ஒலி பலமாகும். மிக நெருங்கினால் காந்தம் கம்பியை இழுத்துச் சுருதியைக் குலைக்கும். பிறகு புதிய கம்பிகள், நான்கைந்து வகை பிக்குகள், தேவைக்கேற்ற நீளத்தில் நல்ல கேபிள். இவை அனைத்துக்கும் பிறகும் ஒரு குறை கேட்டால், அந்தக் குறைக்குரிய பாகத்தைத் தேடலாம்.

அழகான திருகையோ பளபளக்கும் பிடிப்பானையோ பிடித்திருப்பதால் வாங்குவதில் தவறில்லை. ஒலிக்காக என்று நம்பி வாங்குவதற்கு முன், பத்து முறை கண்ணை மூடிக் கேட்டுவிடுங்கள். அந்தச் சோதனையில் தேறாத பொருளுக்கான பணம், அடுத்த சில மாதக் கம்பிகளுக்கு உதவும்.