பாடமும் தளமும்: இணையவழிக் கல்விக்குரிய பொது நியமங்கள்

கல்லடியில் வாங்கிய பாடநூலொன்றைக் காரைதீவிற்குக் கொண்டுசென்று விரித்தாலும் அதன் எழுத்துகள் மறைந்துவிடுவதில்லை. ஏட்டுச் சுவடிக்கும் இவ்வியல்பு உண்டு. எழுத்தறிவுடையார் யாவர்க்கும் அது பயன்படும். இணையவழிப் பாடத்திற்கோ இவ்வியல்பு தானாக அமைவதில்லை. மாணவர் பெயரையும் பாடத்தையும் புள்ளியையும் ஒருங்கே ஆளும் மென்பொருளைக் கல்வித்தளம் என்கிறோம். ஒரு தளத்தில் நன்கு இயங்கிய பாடம் பிறிதொரு தளத்தில் திறவாமற் போதல் கூடும். திறந்தாலும், மாணவர் பெற்ற புள்ளி பதியாமற் போதல் கூடும். இக்குறையை நீக்க எழுந்தனவே பொது நியமங்கள். அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, தமிழிற் பாடம் ஆக்குவோர் அவற்றுள் எவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பவற்றை ஈண்டுக் காண்பாம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோய் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர் பலர் குறுகிய காலத்திற் பல பாடங்களை இணையத்திற்கென ஆக்கினர். கல்வியமைச்சின் ஈ-தக்சலாவ ஒருபுறம், பல்கலைக்கழகங்களின் தளங்கள் மறுபுறம், தனியார் தளங்கள் வேறொருபுறம் என அவ்வுழைப்புப் பல இடங்களிற் சிதறிக் கிடக்கின்றது. ஒரு தளத்தைக் கைவிட்டு மற்றொன்றிற்கு மாறும் நாளில் பாடமும் உடன் வருமா? வாராதாயின் செய்த வேலையை மீண்டும் செய்தல் வேண்டும். ஆசிரியரும் பொருளும் அரிதாகவுள்ள பிரதேசத்திற்கு இந்த இரட்டைச் செலவு சிறு சுமையன்று.

இத்துறையில் முதலில் விழிப்புற்றோர் வானூர்தித் தொழிலினர் ஆவர். வெவ்வேறு உற்பத்தியாளரிடமிருந்து பெற்ற கணினிப் பயிற்சிகள் வெவ்வேறு பொறிகளை வேண்டிநின்றமையால், 1988இல் அவர்கள் ஏ.ஐ.சி.சி. என்னும் குழுவை அமைத்துப் பொது நெறிகளை வகுத்தனர். அக்குழு 2014 வரை நிலவியது. 1997இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் சார்பில் ஏ.டி.எல். என்னும் முயற்சி தொடங்கிற்று. அதனை நடத்தியோர் யாவற்றையும் புதிதாக ஆக்க முற்படவில்லை, முன்னர் ஏ.ஐ.சி.சி. முதலிய அமைப்புகள் வகுத்தவற்றைத் தொகுத்து, 2000ஆம் ஆண்டில் ‘ஸ்கோர்ம்’ என்னும் நியமத்தை வெளியிட்டனர். அதன் 1.2ஆம் பதிப்பு 2001இலும், ‘ஸ்கோர்ம் 2004’ எனப்படுவது 2004இலும் வெளிவந்தன.

இந்நியமத்தின் உட்கிடை இரண்டு பகுதிகளில் அடங்கும். முதலாவது பொதிமுறை. பாடத்தின் பக்கங்கள், படங்கள், ஒலிகள் அனைத்தும் ஒரு பொதியாகக் கட்டப்படுகின்றன. அதனுள் இருப்பவை யாவை, எதன்பின் எது வரும் என்பதைக் கூறும் அட்டவணைக் கோப்பு ஒன்று பொதியின் முகப்பில் வைக்கப்படுகின்றது. தளம் முதலில் அதனையே படிக்கும். இரண்டாவது உரையாடல் முறை. பாடம் திறந்ததும் தளத்திற்கு அறிவிக்கின்றது, மாணவர் பெயரை வினவிப் பெறுகின்றது, புள்ளியையும், அவர் நிறுத்திய இடத்தையும் ஒப்படைக்கின்றது, முடிவில் விடைபெறுகின்றது. எந்நிறுவனம் ஆக்கிய பாடமாயினும் எந்நிறுவனம் ஆக்கிய தளமாயினும் இவ்வுரையாடலின் சொற்கள் ஒன்றே. பத்துப் பாடங்களைப் பத்துத் தளங்களுக்கும் தனித்தனியே பொருத்த முயன்றால் நூறு பொருத்தங்கள் வேண்டும். யாவும் ஒரே நியமத்தைக் கைக்கொள்ளின் இருபது போதும்.

அனுபவம் இந்நியமத்தைத் திருத்தியும் உள்ளது. 1.2ஆம் பதிப்பில் மாணவரின் நிலையைக் கூற ஓரிடமே இருந்தது. ‘முடித்தார்’ என்றால் ‘சித்தியடைந்தாரா’ என்பதைக் கூற இயலாது. ‘சித்தியடையவில்லை’ என்றால் ‘முழுவதும் கற்றாரா’ என்பதைக் கூற இயலாது. 2004ஆம் ஆண்டுப் பதிப்பு இவ்விரண்டிற்கும் வெவ்வேறு இடங்களை வகுத்தது.

எனினும், நியமம் காக்காதனவும் உள. பொதி செம்மையாக இருந்தாலும், உள்ளடங்கிய பொருள் அழியுமாயின் பயனில்லை. ‘பிளாஷ்’ மென்பொருளிற்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டபோது, அதனை நம்பி ஆக்கிய அசைபடப் பாடங்கள், ஸ்கோர்ம் நெறிக்கு முற்றும் இணங்கியவையாயினும், சாதாரண உலாவிகளில் இயங்காதொழிந்தன.

மேலும், கற்றல் முழுவதும் உலாவியினுள் நிகழ்வதன்று. வாவிக்கரையில் நின்று நீரின் உவர்த்தன்மையை அளக்கும் மாணவனும் கற்கின்றான். இத்தகைய அனுபவங்களையும் பதிதற்கு ‘எக்ஸ்-ஏபிஐ’ என்னும் நியமத்தின் முதற் பதிப்பு 2013இல் வெளிவந்தது. இதன் அமைப்பு இலக்கணம் கற்றார்க்கு எளிதில் விளங்கும்: செய்தவன், செய்த வினை, செயப்படுபொருள் என்னும் மூன்றும் சேர்ந்த வாக்கியமாக ஒவ்வொரு நிகழ்ச்சியும் பதிவகத்தைச் சென்றடைகின்றது. இதனைக் கல்வித்தளத்துடன் இணைக்கும் விதிகளை 2016இல் வந்த ‘சிஎம்ஐ5’ கூறுகின்றது.

இனி, தமிழ் மாணவரை நேரே தொடும் செய்திக்கு வருவோம். நியமம் அதனை ஆக்கியோரின் பழக்கங்களையும் உடன்கொண்டு வருகின்றது. ஸ்கோர்ம் 1.2 தன் எழுத்துத் தொடர்களை ஆங்கில எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டும் அடங்கிய ‘ஆஸ்கி’ முறையிலேயே வரையறுத்தது. உலக மொழிகளனைத்தையும் தழுவிய எழுத்து முறை ஸ்கோர்ம் 2004இலேயே இடம்பெற்றது. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வழங்கும் ‘மூடில்’ தளமோ 1.2ஆம் பதிப்பையே முழுமையாக ஆதரிக்கின்றது. அத்தளம் தமிழை ஏற்பினும், பழைய அளவுகளின் நிழல் நீங்கவில்லை. மாணவர் நிறுத்திய நிலையைக் காக்க அப்பதிப்பு அளித்த இடம் 4096 குறிகளே. ‘விபுலாநந்தர்’ என்னும் பெயர் நமக்கு ஏழெழுத்து. ஒருங்குறியில் அது பன்னிரண்டு குறிகள். ஆகவே, தமிழ் விடைகளை அவ்விடத்திற் சேமிக்கும் பாடம் எதிர்பார்த்ததற்கு முன்னரே எல்லையை எட்டும்.

பெயரின் வரலாறும் இத்தகையதே. 1.2ஆம் பதிப்பு மாணவர் பெயரைக் குடும்பப் பெயர் முன்னும், காற்புள்ளி இட்டு இயற்பெயர் பின்னுமாக வேண்டுகின்றது. நம்மவருட் பலர்க்குக் குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயர் முன்னிற்கும். அம்முறையிலேயே படிவத்தை நிரப்பிய மாணவியைப் பாடம் அவள் தந்தையின் பெயரால் அழைக்கும். சான்றிதழிலும் பெயர் தலைமாறி நிற்றல் கூடும். 2004ஆம் ஆண்டுப் பதிப்பு இக்கட்டுப்பாட்டை விடுத்தது.

இவற்றைக் கண்டு நியமத்தையே வெறுத்தல் தகாது. கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த விபுலாநந்த அடிகள், 1936இற் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாகக் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுதி 1938இல் வெளிவந்தது. ஒரு பொருளுக்கு ஊர்தோறும் வெவ்வேறு சொல் வழங்கின் அறிவியல் நூல் ஓரூரிலேயே நின்றுவிடும். தமிழறிந்தோரும் அறிவியலறிந்தோரும் ஒருங்கிருந்து பொதுச்சொல் வகுத்தமையே அம்முயற்சியின் சிறப்பு. கணினி நியமத்திற்கும் இதுவே வழி: பயன்படுத்துவோர் அதனை ஆக்குமிடத்தில் இருத்தல் வேண்டும், இல்லையேல் குறைகளையேனும் சோதித்து எடுத்துரைத்தல் வேண்டும்.

அதுவரை பாடம் ஆக்குவோர் செய்யத்தக்கன சில உள. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விடுத்து ஒருங்குறியிலேயே எழுதுக. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பழைய பாடம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். பொதியை மட்டுமன்றி, திருத்தத்தக்க மூலக்கோப்பையும் பேணுக. தளத்தைத் தெரிவுசெய்யும்போது, பாடங்களைப் பொதியாக வெளியே எடுக்க இயலுமா என முதலில் வினவுக. தமிழ்ப் பெயருடைய மாணவராக இரண்டு வெவ்வேறு தளங்களில் நுழைந்து, தமிழில் விடையெழுதி, பாதியில் நிறுத்தி, மறுநாள் திரும்பிச் சென்று பார்க்க. விட்ட இடமும் எழுதிய விடையும் அவ்வாறே நிற்குமாயின் பாடம் பயணத்திற்கு ஆயத்தமாயிற்று எனலாம்.

தளங்கள் வரும், போகும். ஓராசிரியர் இரவு விழித்திருந்து ஆக்கிய பாடம் அவற்றோடு அழிதல் ஆகாது. அதனைக் காக்கும் வேலி பொது நியமம். அவ்வேலி நம் மொழிக்கும் பெயருக்கும் இடமளிக்கின்றதா எனப் பார்த்துக்கொள்வது நம் கடமை.