தலைக்கு மேலே கப்பல் வந்தும் நீர்மூழ்கிக்குத் தெரியாதது எப்படி? 'ஸ்டார்லிங்' செய்த வேட்டை

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்குத் தேவையான உணவு, எண்ணெய், ஆயுதங்களில் பெரும்பகுதி அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டித்தான் வர வேண்டும். ஜெர்மனியின் 'யூ-போட்' நீர்மூழ்கிகள் அந்தச் சரக்குக் கப்பல்களைத் தேடித் தேடி மூழ்கடித்தன. அவற்றை எதிர்க்க அனுப்பப்பட்ட காவல் கப்பல்களில் ஒன்றுதான் எச்.எம்.எஸ். ஸ்டார்லிங்.

1943 ஏப்ரலில் பணிக்கு வந்த ஸ்டார்லிங், 14 யூ-போட்களை மூழ்கடித்ததில் பங்கெடுத்தது. இத்தனைக்கும் அது பிரம்மாண்டமான போர்க்கப்பல் எல்லாம் இல்லை. 'ஸ்லூப்' எனப்படும் சின்ன ரகம். (அன்றைய ராயல் இந்தியக் கடற்படையின் 'காவேரி'யும் இதே வகைதான்.)

அப்புறம் எப்படிச் சாதித்தது?

தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவி 'ஆஸ்டிக்'. இதில் ஒரு சிக்கல். ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கியை ரொம்ப நெருங்கிவிட்டால் எதிரொலி கிடைக்காது. கப்பல் குருட்டாம்போக்கில்தான் குண்டு போட வேண்டும். அந்தக் குண்டு கீழே இறங்கவும் நேரம் பிடிக்கும். மேலே இரைச்சலோடு பாய்ந்து வரும் கப்பலின் சத்தம் நீர்மூழ்கிக்குள் நன்றாகவே கேட்கும். உடனே சட்டென்று திரும்பி நழுவிவிடும். குண்டு வெடிக்கும்போது அங்கே வெறும் தண்ணீர்தான்!

ஸ்டார்லிங்கின் கேப்டன் ஜானி வாக்கர் இதற்கு இரண்டு கப்பல்களைப் பயன்படுத்தினார். ஒன்று தள்ளி நின்று ஆஸ்டிக் ஒலியை விடாமல் அனுப்பும். இன்னொன்று தன் ஆஸ்டிக்கை அணைத்துவிட்டு, சுமார் 5 நாட் வேகத்தில் பூனை மாதிரி ஊர்ந்து வரும். அதற்கு வழி சொல்வது முதல் கப்பல். 'எதிரி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறான்' என்று கீழே இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, தலைக்கு நேர் மேலிருந்து குண்டுகள் வரிசையாக இறங்கும்.

1944 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 19 வரை, ஒரே பயணத்தில் வாக்கரின் குழு 6 யூ-போட்களை மூழ்கடித்தது. லிவர்பூல் துறைமுகமே திரண்டு வரவேற்றது.

வாக்கரின் மகன் டிமோத்தியும் கடற்படைதான். அதுவும் நீர்மூழ்கியில். 1943 ஆகஸ்டில் அவர் இருந்த 'பார்த்தியன்' மத்தியதரைக் கடலில் காணாமல் போனது, யாரும் திரும்பவில்லை. அதன் பிறகும் வாக்கர் ஓய்வெடுக்காமல் கடலிலேயே இருந்தார். 1944 ஜூலை 9 அன்று இறந்தபோது வயது 48. மூளையில் ரத்த உறைவு. ஓயாத வேலைதான் காரணம் என்றார்கள்.

மூன்றே வாரத்தில், ஜூலை 31 அன்று, ஸ்டார்லிங் 'லாக் கில்லின்' என்ற கப்பலோடு சேர்ந்து யூ-333-ஐ மூழ்கடித்தது. அதிலிருந்த ஒருவரும் பிழைக்கவில்லை.